மூன்று மணிக்கு யார் விழித்திருப்பது?

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே கட்டில் இன்னும் இரண்டு துண்டாகக் கிடந்தது.

எங்கள் வீட்டு முன்வாசல் கதவு இரண்டரை அடி. ஆஸ்பத்திரிக் கட்டில் மூன்றடி. இது அளக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாடகைக்குக் கொடுத்த அண்ணாச்சி கடைப் பையன் தலைப்பக்கச் சட்டத்தைக் கழற்றி, கட்டிலைச் சாய்த்து உள்ளே நுழைத்து, ஒரு போல்ட்டைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸுக்குள் அப்பா, கழுத்தில் துளை, துளையில் குழாய், குழாயில் ஆக்சிஜன். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று டிரைவரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் பதில் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். போல்ட் கடைசியில் அம்மாவின் செருப்புக்கடியில் கிடைத்தது.

அப்பாவுக்கு 71 வயது. மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புரட்டாசியில் ஒரு காலை பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து கீரை வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அப்படியே இடது பக்கம் சாய்ந்தார். மூளையின் வலப்பக்கம் ரத்தக்கசிவு. 26 நாள் ஐசியூ. வாய் வழியாகப் போட்ட குழாயைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று கழுத்தில் துளை போட்டார்கள், டிரக்கியாஸ்டமி. வென்டிலேட்டரிலிருந்து மெல்ல மெல்ல விடுபட்டார். சொந்தமாக மூச்சு விட்டார், கொஞ்சம் ஆக்சிஜன் துணையோடு. ஆனால் சளியைத் தானாக இருமித் தள்ளும் பலம் இல்லை. விழுங்க முடியாது, மூக்கில் உணவுக்குழாய். இடது கை, கால் அசைவில்லை.

"இனிமே இங்க வச்சு செய்யறதுக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல. வீட்லயே ஐசியூ மாதிரி செட்டப் பண்ணிக்கலாம்" என்றார் டாக்டர். கையிருப்பும் அந்த நேரத்தில் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. ஆகவே அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் கேட்டது. ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். கட்டில், காற்று மெத்தை, சளியை உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர், மாற்றுச் சிலிண்டர், மருந்தைப் பனிப்புகையாக்கித் தரும் நெபுலைசர், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக். பட்டியலில் இருந்ததெல்லாம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைகளில் ஒரே மதியத்தில் கிடைத்துவிட்டது. பணம் இருந்தால் பொருள் கிடைக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு யார் விழித்திருப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

எந்த அறை என்பதில் முதல் சண்டை. படுக்கையறைதான் என்றாள் அம்மா, ஏசி அங்கேதான் இருக்கிறது. ஹால்தான் என்றேன் நான். கட்டிலின் மூன்று பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். அவரைப் புரட்டும்போது ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். தலைமாட்டில் சக்‌ஷன் மெஷினும் கான்சன்ட்ரேட்டரும். படுக்கையறையில் பீரோ இருந்தது, அதை நகர்த்தினால் சுவர் வந்துவிடும் போலிருந்தது. ஹாலென்றால் தெருச் சத்தம் கேட்கும், பால்காரர் குரல் கேட்கும், மனுஷருக்குப் பொழுது தெரியும். சோபாவை மாடிக்கு ஏற்றினோம். டிவியை அக்கா அவளுடைய தூத்துக்குடி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

வயரிங்குக்கு அப்பாவோடு வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி வந்தார். ஒரே பிளக் பாயின்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு எல்லாவற்றையும் மாட்டலாம் என்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மெயினிலிருந்து தனி லைன் இழுத்து, 15 ஆம்பியரில் இரண்டு, 5 ஆம்பியரில் நான்கு பாயின்ட் போட்டார். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். கூலி வாங்கவில்லை. போகும்போது அப்பாவின் காதருகே குனிந்து, "லைன் குடுத்தாச்சு அண்ணாச்சி" என்றார். அப்பா கண் திறக்கவில்லை.

வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சக்‌ஷன் கற்றுக்கொண்டாக வேண்டும் என்று ஐசியூ சிஸ்டர் ஒருவர் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். டிஸ்சார்ஜுக்கு முந்தின நான்கு நாள் என்னையும் அக்காவையும் பக்கத்தில் நிறுத்திச் செய்யவைத்தார். கை கழுவு, கிளவ்ஸ் போடு, மெல்லிய குழாயைக் கழுத்துத் துளைக்குள் இறக்கு. இறக்கும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான் கட்டைவிரலால் ஓட்டையை மூடி உறிஞ்ச வேண்டும். உள்ளே போய் வெளியே வர மொத்தம் 10 நொடி, அதற்கு மேல் கூடாது. ஏனென்றால் சளியோடு சேர்த்து அவர் மூச்சையும் நாம் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் நாள் என் கை ஆடியது. குழாய் உள்ளே போனதும் அப்பாவின் முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, உடம்பே தூக்கிப்போட்டது. பயந்து பாதியில் இழுத்துவிட்டேன். "நொடியெல்லாம் எண்ணாதீங்க. குழாயை உள்ள விடும்போது உங்க மூச்சைப் பிடிச்சுக்கோங்க. உங்களுக்கு எப்ப மூச்சு முட்டுதோ, அப்ப அவருக்கும் முட்டும். வெளிய எடுத்துருங்க" என்றார் சிஸ்டர். அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. நான்கு மாதத்தில் ஆயிரம் தடவையாவது அப்பாவோடு சேர்ந்து மூச்சைப் பிடித்திருப்பேன்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு அதுவரை தெரியாதது. நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தூசியை வடிகட்டி அனுப்புவது மூக்கு. கழுத்துத் துளை வழியே மூச்சு விடுகிறவருக்கு மூக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். வறண்ட காற்று நேராக உள்ளே போகும், சளி பிசினாகும். அதனால்தான் வெறும் உப்புநீரை நெபுலைசரில் வைத்து வேளாவேளைக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். மருந்தே இல்லையே, வெறும் உப்புத்தண்ணீர்தானே என்று இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நாங்கள் அசட்டையாக விட்டோம்.

அன்று ராத்திரி இரண்டே முக்கால் இருக்கும். ஆக்சிமீட்டர் 95 காட்டிக்கொண்டிருந்தது, 91 ஆனது. விரலில் சரியாக மாட்டவில்லையோ என்று மாற்றி மாட்டினேன். 88. நெஞ்சு வேகமாக ஏறி இறங்குகிறது, கழுத்திலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். சக்‌ஷன் குழாயை இறக்கினால் இரண்டு அங்குலத்தில் முட்டி நிற்கிறது. மறுபடி இறக்கினேன், மறுபடி முட்டியது. 82. அக்கா எழுந்து வந்து நின்றாள், இருவருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது: "உள்குழாய்டா! அதக் கழட்டு." டிரக்கியாஸ்டமிக் குழாயில் வெளிக்குழாய்க்குள் ஒரு உள்குழாய் உண்டு, திருகிக் கழற்றலாம். கழற்றினேன். அதன் நுனியை அடைத்துக்கொண்டு காய்ந்த புளியங்கொட்டை போல ஒரு சளிக் கட்டி. கழற்றிய நொடியில் அப்பாவிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. 86, 90, 94. மாற்று உள்குழாயை மாட்டிவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெபுலைசரை அதன் பிறகு ஒரு வேளைகூட விடவில்லை.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் முறைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை அக்கா, ஒன்றரையிலிருந்து ஆறு வரை நான், காலையிலிருந்து அம்மாவும் பகலுக்கு வைத்த ஆளும். விழித்திருப்பது என்றால் விழித்திருப்பதுதான். பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தம் கேட்டால் எழுந்துகொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காத கதை. துளை போட்டவருக்குக் குரல் கிடையாது, கூப்பிட மாட்டார்.

அந்த முறை வேளைகளில் செல்போனில் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். ஐசியூ என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடியபோது 1952இல் கோபன்ஹேகன் நகரம் கிடைத்தது. போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் பிளெக்டம் மருத்துவமனைக்கு வந்து குவிகிறார்கள், மூச்சு இயந்திரங்களோ விரல் விட்டு எண்ணும்படி. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுப் பெண் ஒருத்திக்குக் கழுத்தில் துளையிடச் செய்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக் காட்டினார். பிழைத்தாள். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் யார் அமுக்குவது? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். நூற்றுக்கணக்கில் வந்தார்கள், முறை போட்டுக்கொண்டு இரவும் பகலும் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள், மாதக் கணக்கில். அடுத்த வருஷம் அதே நகரில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐசியூக்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த ஆம்பு பேக்கும் டென்மார்க்கில் உருவானதுதான், 1956இல். ஒன்றரை மணிக்கு அக்கா என்னை எழுப்பும்போது எரிச்சல் வரும். அந்த மாணவர்களை நினைத்துக்கொள்வேன். சில நாள் அதற்கும் மசியாது, எரிச்சல் அப்படியே இருக்கும்.

பகலுக்கு ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தோம். முதலில் வந்தவர் "எல்லாம் தெரியும்" என்றார். உணவுக்குழாயில் கஞ்சி ஏற்றும்போது தலைமாட்டை உயர்த்தவில்லை. நான் பதறி ஓடிப்போய்க் கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றினேன். தலை 30 டிகிரிக்காவது உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரைமணிக்கு மேல் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போகும். இரண்டாவது ஆள் ஆறு நாளில் நின்றுவிட்டார். மூன்றாவதாக வந்தவர் கடையநல்லூர்ப் பெண், சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். பேச்சு குறைவு, கை சுத்தம். ஏஜென்சி எங்களிடம் வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல்தான் அவர் கைக்குப் போனது என்பது மூன்றாம் மாதத்தில் தெரிந்தது. முன்பே கேட்டிருக்க வேண்டும். சிஸ்டர் சாப்பிட்டாரா, படுக்க அவருக்கு இடம் இருக்கிறதா, அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது என்பதெல்லாம் நாம் யோசிக்க வேண்டியவை. நமக்கு நம் நோயாளி மட்டும்தான் கண்ணில் தெரிகிறார்.

கஞ்சி அம்மாவின் துறை. கேழ்வரகு, பாசிப்பயறு, கொஞ்சம் பொட்டுக்கடலை, வறுத்து அரைத்த மாவு. மிக்ஸியில் எவ்வளவு அடித்தாலும் திப்பி இருக்கும், குழாய் அடைக்கும். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதில்தான் வடிகட்டுவாள். ஒரு வேளைக்கு 200 மில்லி, கொடுத்து முடித்ததும் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அடுப்படியில் ஒரு நாள் பார்த்தேன், கஞ்சியில் சீரகமும் துளி பெருங்காயமும் போட்டுக்கொண்டிருந்தாள். "மூக்குக் குழாயில போறதுக்கு ருசி எதுக்கும்மா?" என்றேன். "ஏப்பம் வந்தா மணக்கும்லா" என்றாள்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை இருக்கிறதே என்று விடக் கூடாது. அது உதவிதான், மாற்று அல்ல. ஒரு நீள நோட்டு வைத்திருந்தோம். நேரம், நாடித் துடிப்பு, ஆக்சிஜன், பிரஷர், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர், சளி என்ன நிறம், இடமா வலமா. மாலையில் வரும் டாக்டர் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டைத்தான் பார்ப்பார். சளி மஞ்சளானதைத் தேதியோடு அதில் பிடித்ததால்தான் ஒரு நிமோனியா தொடக்கத்திலேயே மாத்திரையோடு போயிற்று.

விசாரிக்க வருகிறவர்கள் தனி ரகம். ஹார்லிக்ஸ், திராட்சை, ஆப்பிள். கட்டிலிலேயே உட்கார்ந்து, கை கழுவாமல் நெற்றியைத் தடவி, கழுத்துக் குழாயைப் பார்த்து அழுவார்கள். வாசலில் சானிடைசர் பாட்டிலை வைத்து, "உள்ளே இரண்டு நிமிடம்" என்று எழுதி ஒட்டினேன். பெரியப்பா வீட்டில் இன்றுவரை அதற்காக என்னோடு பேசுவதில்லை. சரி, இருக்கட்டும்.

பணக் கணக்கை விரிவாக எழுதப்போவதில்லை. கட்டிலும் கான்சன்ட்ரேட்டரும் வாடகை, சக்‌ஷன் மெஷின் சொந்தமாக வாங்கினோம், ஆள் கூலிதான் பெரிய செலவு. ஐசியூவில் மூன்று நாளுக்கு எங்களுக்கு ஆன செலவில், எல்லாம் சேர்ந்து வீட்டில் ஒரு மாதம் ஓடியது. இன்சூரன்ஸில் வீட்டுச் சிகிச்சை என்று ஒரு பிரிவு இருக்கிறதே என்று விண்ணப்பித்தேன். நோயாளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் இருந்தாலோ, ஆஸ்பத்திரியில் இடமே இல்லாவிட்டாலோதான் அது பொருந்துமாம். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். நிராகரித்துவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வரும் என்பதை எதிர்வீட்டு அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் மூன்றாவது மாதம்.

இனி கரன்ட். கான்சன்ட்ரேட்டர் ஆக்சிஜனைத் தயாரிப்பதில்லை. அறைக் காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற குருணைகளுக்குள் அழுத்தி, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது. அந்த அழுத்தும் வேலைக்கு ஏறக்குறைய 350 வாட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இருந்த இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி, இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா வாங்கிப் போட்டது. ஹால் மூலையில், கட்டிலுக்கு நேர் எதிரே இருந்தது. காகிதத்தில் 1800 வாட்-மணி. சேதாரம் போக 1300 என்று வைத்தாலும் மூன்றரை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு மேல் போனால் பி டைப் சிலிண்டர் ஒன்று. 1500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்.

தை மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வந்தது. தைரியமாக இருந்தேன். பன்னிரண்டரை வரை இன்வெர்ட்டர், அப்புறம் சிலிண்டர். ஆனால் பதினொன்று பத்துக்கே இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது. சிலிண்டரைத் திறக்கப் போனால் ஸ்பேனரைக் காணோம். அக்கா பையன் சைக்கிள் சீட்டை ஏற்றுவதற்கு எடுத்துப் போயிருந்தான். ஆம்பு பேக்கைச் சிஸ்டர் கையில் எடுத்தே விட்டார். பையன் தெருமுனையிலிருந்து ஓடி வந்து ஸ்பேனரைக் கொடுத்தான். அன்று சாயங்காலமே அதைச் சிலிண்டர் கழுத்தில் நைலான் கயிற்றால் கட்டிவைத்தோம். இன்வெர்ட்டர் ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. என் கணக்கு தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா வலது கையைத் தூக்கி மூலையைக் காட்ட ஆரம்பித்தார். அதற்குள் நன்றாகத் தெளிந்திருந்தார், ஆள் அடையாளம் தெரிந்தது, சிரிப்பார். ஃபேனா என்றோம், தலையசைத்து மறுத்தார். ஜன்னலா, முருகர் படமா? இல்லை, இல்லை. பையனுடைய ஸ்லேட்டைக் கொடுத்தோம். வெகுநேரம் கிறுக்கி 'தண்ணி' என்று எழுதினார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று மாதமாக ஒரு மிடறு தண்ணீர் வாய்வழி போகாத மனுஷர். நான் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். கோபமாகத் தட்டிவிட்டார். தினமும் இது நடந்தது. தண்ணி, மூலை, தண்ணி. மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்கு இப்படிக் குழப்பம் வரும் என்று நானே எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன்.

மாசியில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் கொண்டுபோனோம். பத்து நாள் முன்பே சிறிய குழாயாக மாற்றியிருந்தார், ஆக்சிஜன் துணையும் நின்றிருந்தது. அன்று அந்தக் குழாயின் வாயை ஒரு சின்ன மூடியால் அடைத்தார். இப்போது காற்று பழைய வழியில், குரல்நாண் வழியே போக வேண்டும். "ஐயா, ஏதாவது பேசுங்க. பேர் சொல்லுங்க" என்றார். அப்பா இருமினார். தொண்டையைச் செருமினார். நான்கு மாதத்துக்குப் பிறகு, கரகரவென்று, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து:

"ஏல, பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனியா?"

டாக்டருக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அம்மா அழுதாள். ஒரு நாள் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். நான் மட்டும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். இன்வெர்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். பேட்டரியில் தண்ணீர் அளவைக் காட்டும் ஆறு மிதவைகளில் நான்கு, சிவப்புக் கோட்டுக்குக் கீழே அமிழ்ந்து கிடந்தன.